நியாயப்பிரமாணமா, விசுவாசமா?



 தண்ணீர்ப்பந்தல் வைப்பதும் அன்னதானம் செய்வதும் நம் கொங்கு நாட்டில் வழிவழியாய் வந்த நல்ல பழக்கங்கள். தர்மம் தலைகாக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே, ஏழை நோயாளிக்காக அனுப்பும் காணிக்கையும் நம் ஆத்துமாவின் கணக்கில் வரவு வைக்கப்படும் என்ற எண்ணம் விசுவாசிகளுக்கும் எளிதில் வந்துவிடுகிறது. அப்படியானால், கொடுக்க ஒன்றுமில்லாத ஏழைக்கு இரட்சிப்பு இல்லையா?

ஆதிச்சபையிலும் இப்படியொரு கேள்வி ஏறக்குறைய கி.பி. 49ஆம் ஆண்டில் எழுந்தது. புறஜாதியாரிலிருந்து வந்தவர்கள் விருத்தசேதனம் பண்ணிக்கொண்டால்தான் இரட்சிப்பு என்று சிலர் போதித்தார்கள். எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடி ஆலோசித்தார்கள் (அப். 15). நாங்களே சுமக்கத் திணறிய பாரத்தை இவர்கள்மேல் ஏற்றலாகாது, இரு சாராரும் ஒரே கிருபையினால்தான் மீட்கப்படுகிறோம் என்று பேதுரு வாதாடினார். விருத்தசேதனம் தேவையில்லை என்று சபை தீர்மானித்தது.

நம் தமிழகத்தில் இக்கேள்வி வேறு உருவில் வந்தது. இத்தாலியரான ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தபோது, கிறிஸ்தவனாவது என்றால் பறங்கியாவது என்றே மக்கள் எண்ணினார்கள். குடுமியையும் பூணூலையும் களைந்தால்தான் ஞானஸ்நானமா? அவை நாட்டு வழக்கமே, விசுவாசத்துக்குத் தடையல்ல என்றார் அவர். நீண்ட விவாதத்திற்குப்பின், 1623 ஜனவரி 31இல் போப்பு பதினைந்தாம் கிரகோரி அவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்தார். அதே ஆண்டில் தெ நொபிலி சேந்தமங்கலம், சேலம் பக்கமாக நம் கொங்கு நாட்டிற்கு வந்தார்.

ஆனால் ஒரு நுகம் நீங்கிய இடத்தில் இன்னொன்று தங்கிவிட்டது. சாதி வேற்றுமையும் நாட்டு வழக்கம் என்றே விடப்பட்டது. பிற்காலத்தில் தஞ்சைச் சீமையின் புராட்டஸ்டண்டு சபைகளிலும் அது வேரூன்றியிருந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டானியேல் வில்சன், சபையில் சாதி அறவே ஒழியவேண்டும் என்று நிருபம் எழுதியபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு பந்தியிருப்பதை விட்டுப் பேதுரு விலகியபோது, பவுல் அவரை முகமுகமாய்க் கண்டித்தாரே (கலா. 2), அதன் காரணம் இதுதான். சகோதரனோடு ஒரே பந்தியில் அமர மறுக்கிறவன், கிறிஸ்து மட்டும் போதாது, என் பிறப்பும் வேண்டும் என்று சொல்லுகிறான்.

அப்படியானால் நியாயப்பிரமாணம் வீணா? இல்லை. எக்ஸ்ரே படம் நுரையீரலில் உள்ள நோயைக் காட்டும். படத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் நோய் தீராது. படமே வேண்டாம் என்று கிழித்துப்போட்டாலும் தீராது. பிரமாணம் நம் பாவத்தைக் காட்டி, வைத்தியரிடம் அனுப்புகிறது. சுகமாக்குகிறவர் கிறிஸ்து. அவரை நம்பி நம்மை ஒப்புக்கொடுப்பதே விசுவாசம்.

இதைக்குறித்துப் பல நூற்றாண்டுகள் பிரிந்திருந்த கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும், 1999 அக்டோபர் 31இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம் தகுதியினால் அல்ல, கிருபையினாலேயே தேவன் நம்மை ஏற்றுக்கொள்ளுகிறார், அந்தக் கிருபையே நம்மை நற்கிரியைகளுக்கு எழுப்புகிறது என்று இருசாராரும் அறிக்கையிட்டார்கள்.

சுகமடைந்தவன் எழுந்து நடக்கிறான், நடந்ததினால் சுகமடையவில்லை. நற்கிரியைகளும் அப்படியே. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எச்சரிப்பதும் இதைத்தான்.

ஆகவே பிரியமானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கையால் பரலோகத்தில் இடம் வாங்க முடியாது. அந்த இடத்துக்கு வேண்டிய கிரயத்தைக் கிறிஸ்து சிலுவையில் செலுத்திவிட்டார். பயத்தினால் கொடுக்கவேண்டாம், கணக்குப் பார்த்தும் கொடுக்கவேண்டாம். இலவசமாய்ப் பெற்றவர்களாக, மனமகிழ்ச்சியோடு கொடுங்கள். கொடுக்க இயலாதவர்கள் வருந்தவேண்டாம். உங்கள் ஜெபமும் எங்களுக்கு வேண்டும். நம் வார்டில் படுத்திருக்கும் ஏழையும், அவருக்காகக் கொடுக்கும் நீங்களும், ஒரே கிருபையினால்தான் தேவனுக்கு முன்பாக நிற்கிறீர்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.