மூணு போன் கணக்கு: வீட்டு இன்டர்நெட் யாருக்குக் கட்டுப்படியாகும்?

வீட்டுக்கு வைஃபை போட்டா செலவு கூடுமா, குறையுமா? தேடிப் பார்த்தால் கிடைப்பதெல்லாம் "டாப் 5 பிளான்" பட்டியல்கள்தான். எந்தக் கம்பெனி மலிவு என்பது இரண்டாவது கேள்வி. நம்ம வீட்டில் எத்தனை போன் இருக்கு, அதில் எத்தனை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கு என்பதுதான் முதல் கேள்வி. கை இறுக்கமாக இருக்கும் வீட்டுக்கு இந்த ஒரு எண்ணிக்கையே பாதி பதிலைச் சொல்லிடும். அந்தக் கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம்.

இப்போ எவ்வளவு போகுது?

2024 ஜூலையில் மொபைல் கட்டணங்கள் ஏறின. அதற்குப் பிறகு ஜியோவில் நாளுக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் ரீசார்ஜ் 299 ரூபாய். 28 நாள் என்பதைக் கவனிங்க. அது மாசம் இல்லை. வருஷத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை போடணும். ஆக ஒரு போனுக்கு வருஷம் 3,887 ரூபாய். நாலு போன் இருக்கிற வீட்டில் 15,548 ரூபாய். ஒவ்வொருத்தர் ரீசார்ஜும் ஒவ்வொரு தேதியில் முடியறதால இந்தத் தொகை மொத்தமா நம்ம கண்ணில் படறதே இல்லை.

ஃபைபர் எவ்வளவு?

2020இல் ஜியோ 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் திட்டத்தைக் கொண்டு வந்தது. அதையே உதாரணமாக எடுத்துக்குவோம். மொபைல் ரீசார்ஜ் விலையில் வரி அடக்கம். பிராட்பேண்ட் விலையில் அடக்கம் இல்லை, 18% ஜிஎஸ்டி தனி. அதனால் 399 என்பது கையில் இருந்து போகும்போது 471 ஆயிடும். வருஷத்துக்கு ஏறத்தாழ 5,650 ரூபாய்.

இதை மொபைல் செலவோடு அப்படியே சேர்த்தால் கூடுதல் சுமைதான். சேர்க்காமல், எதைக் கழிக்கலாம் என்று பார்க்கணும்.

கழிக்க வழி எங்கே?

2024 டிசம்பரில் ட்ராய் ஒரு விதி கொண்டு வந்தது: டேட்டா வேண்டாம் என்பவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜைக் கம்பெனிகள் தந்தே ஆகணும். அதன்படி 2025 ஜனவரியில் வந்த ஜியோ திட்டம் ஒன்று 336 நாளுக்கு 1,748 ரூபாய். 365 நாளுக்குக் கணக்கிட்டால் சுமார் 1,900. ஓடிபி எஸ்எம்எஸ் எல்லாம் வழக்கம்போல வரும்.

டேட்டா ரீசார்ஜில் இருந்து இதற்கு மாறும் ஒவ்வொரு போனும் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,987 ரூபாய் மிச்சம் பண்ணும். இனி கூட்டிக் கழிச்சுப் பார்க்கலாம்:

ஒரு போன் மாறினால்: ஃபைபருக்காகக் கையை விட்டு மாசம் சுமார் 305 ரூபாய் கூடுதலாகப் போகும்.
இரண்டு போன் மாறினால்: கூடுதல் செலவு மாசம் சுமார் 140 ரூபாய்தான்.
மூன்று போன் மாறினால்: வருஷம் 300 ரூபாய் போல மிச்சம்.

அதாவது மூணு போன் வீட்டு வைஃபையை நம்பி இருக்க முடிஞ்சா, ஃபைபர் தன் செலவைத் தானே பார்த்துக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் இரண்டு போனிலேயே யோசிக்கலாம். நாளுக்கு 1.5 ஜிபிக்குள் பாட வீடியோவை அடக்கிப் பார்ப்பதா, மாசம் 140 ரூபாய் கூடக் கொடுப்பதா என்பது அந்தந்த வீட்டு முடிவு. ஒருத்தரோ இரண்டு பேரோ மட்டும் இருந்து, பகலெல்லாம் வெளியே போறவங்க என்றால் ஃபைபர் வேண்டாம். ஒரு போனில் நல்ல டேட்டா போட்டு ஹாட்ஸ்பாட் கொடுத்தாலே போதும்.

இதில் ஒரு சிக்கல்

பேச்சு மட்டும் உள்ள சிம்மோடு கடைக்குப் போனால் ஜிபே, போன்பே வேலை செய்யாது. *99# அழுத்திப் பணம் அனுப்பலாம், அதற்கு டேட்டா வேண்டாம். ஆனா கூட்ட நேரத்தில் அது பொறுமையைச் சோதிக்கும். அதனால் வேலைக்கோ காலேஜுக்கோ போறவங்க போனை இந்தக் கணக்கில் சேர்க்காதீங்க. பாட்டி போன், வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறவர் போன், பிள்ளை படிக்கிற பழைய போன், இவைதான் கணக்கில் வரும்.

30 எம்பிபிஎஸ் போதுமா?

போதும். ஃபுல் ஹெச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 5 எம்பிபிஎஸ். ஒரே நேரத்தில் நாலு பேர் பார்த்தாலும் 20தான். ஒரு விஷயம்: எம்பிபிஎஸ் என்பது மெகாபிட், மெகாபைட் இல்லை. எட்டால் வகுக்கணும். 30 எம்பிபிஎஸ் லைனில் ஃபைல் இறங்கும் வேகம் நொடிக்கு 3.75 எம்பி. டவுன்லோடு மெதுவா இருக்கே என்று கம்பெனியைத் திட்டும் முன் இதைப் பார்த்துக்கங்க. "அன்லிமிடெட்" என்றாலும் மாசம் 3,300 ஜிபி போல வரம்பு இருக்கும். நாளுக்கு 110 ஜிபி வருது, சாதாரண வீட்டில் அதைத் தொடவே முடியாது. 100 எம்பிபிஎஸ், ஓடிடி சேர்த்த பேக் எல்லாம் நமக்கு எதுக்கு?

பணம் கட்டும் முன்

இன்ஸ்டலேஷன், டெபாசிட், ரூட்டர் மூன்றுக்கும் தனித்தனியா எவ்வளவு, எது திரும்ப வரும் என்று கேளுங்க. மேலே போட்ட கணக்கில் இவை சேரலை, முதல் வருஷத்தில் இடிக்கும். வருஷத்துக்கு மொத்தமா கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்பாங்க. வாடகை வீட்டில் இருந்தால் அவசரப்படாதீங்க, வீடு மாறும்போது அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது கஷ்டம்.

ஏரியா கேபிள்காரரிடம் விலை குறைவா இருக்கலாம். எடுக்கும் முன் அதே தெருவில் ஏற்கனவே வெச்சிருக்கிறவங்களிடம் ஒரே கேள்வி கேளுங்க: "லைன் அறுந்தா எத்தனை நாள்ல வந்து சரி பண்றாங்க?" அந்த நாட்களில் எல்லாரும் தனியா டேட்டா ரீசார்ஜ் போட வேண்டி வந்தால் மிச்சம் பிடிச்சதெல்லாம் போயிடும்.

கட்டணங்கள் மாறிக்கிட்டே இருக்கும், கணக்கு போடும் முறை மாறாது. ஃபைபரின் வருஷச் செலவை வரியோட எழுதுங்க. ஒரு போன் மாறினால் மிச்சமாகும் தொகையால் அதை வகுங்க. வரும் எண்ணைவிட உங்க வீட்டில் தங்கும் போன்கள் அதிகமா இருந்தால் தயங்காமல் போடலாம்.