கோபுரங்கள் ஏன் சாய்கின்றன?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில், ராபர்ட் சிசோமின் வடிவமைப்பில் 1879இல் கட்டி முடிக்கப்பட்ட செனட் இல்லத்தை அருகில் நின்று அண்ணாந்து படமெடுத்தால், அதன் மூலைக் கோபுரங்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து தெரிகின்றன. விலையுயர்ந்த லென்ஸும் இதைத் தடுப்பதில்லை, ஏனெனில் குறை கண்ணாடியில் இல்லை. கேமராவை மேல்நோக்கிச் சாய்க்கும்போது, ஒளியைப் பதிவுசெய்யும் உணரியின் தளம் சுவருக்கு இணையாக இருப்பதில்லை. ஆகவே தொலைவிலுள்ள உச்சி சிறிதாகவும், அருகிலுள்ள அடிப்பகுதி பெரிதாகவும் பதிகின்றன. இதைத் தவிர்க்க உதவுவது 'ஷிஃப்ட்' லென்ஸ்: உணரி செங்குத்தாகவே நிற்க, லென்ஸ் மட்டும் சில மில்லிமீட்டர் மேலே நகர்கிறது, அது உருவாக்கும் பிம்ப வட்டம் உணரியைவிடப் பெரியதாதலால், குவிமாடத்தின் நுனியும் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. பின்னர் கணினியில் நிமிர்த்தலாம்தான். ஆனால் அதற்காக மேற்பகுதியை இழுத்து விரிக்கையில், நல்ல லென்ஸ் பிடித்துத் தந்த செங்கல் வேலைப்பாட்டின் கூர்மை அங்கேதான் மங்குகிறது.