உங்களுக்குத் தெரியுமா? ராணுவ ரகசியங்களில் கைவைத்த மாணவர்கள்

● ஓடுகிறவர்களும் சைக்கிள் மிதிக்கிறவர்களும் தாங்கள் போன வழியைப் பதிந்துவைக்க ஸ்ட்ராவா என்றொரு செயலி உண்டு. 2017 நவம்பரில் அந்த நிறுவனம் தன் பயனர்கள் உலகெங்கும் ஓடிய தடங்களைச் சேர்த்து ஒரே வரைபடமாக வெளியிட்டது. நடமாட்டம் மிகுந்த இடம் பளிச்சென்று ஒளிரும். நியூயார்க்கும் லண்டனும் ஜொலிப்பதைப் பலரும் ரசித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசப் பாதுகாப்பு படித்துக்கொண்டிருந்த 20 வயது நேதன் ரூசர் மட்டும் இருண்ட பக்கத்தைப் பார்த்தார். போர் நடந்துகொண்டிருந்த சிரியாவில் உடம்பு இளைக்க ஓடுகிறவர் யார்? அங்கே பாலைவனத்துக்கு நடுவே சின்னச் சின்ன வெளிச்சங்கள் தெரிந்தன. வெளிநாட்டுப் படைவீரர்கள் கையில் ஸ்மார்ட் வாட்சைக் கட்டிக்கொண்டு முகாமைச் சுற்றி ஓடிய தடங்கள் அவை. ஆப்கானிஸ்தானிலும் இதே கதைதான். 2018 ஜனவரியில் அவர் இதை ட்விட்டரில் போட, பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அந்த ஆகஸ்டில், களப்பகுதிகளில் பணியிலிருக்கும் வீரர்கள் இடம்காட்டும் வசதியைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் உத்தரவு போட்டது.

● 1976இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் அரிஸ்டாட்டில் ஃபிலிப்ஸ் என்ற இளங்கலை மாணவர் பாடத்துக்கான கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு: அணுகுண்டு செய்வது எப்படி? வழிகாட்டி, புகழ்பெற்ற இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன். ரகசியத் தகவல் எதையும் தரமாட்டேன் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். பையன் பாடப்புத்தகங்களையும், ரகசியம் நீக்கி அரசே வெளியிட்ட ஆவணங்களையும் வைத்து எழுதி முடித்தார். மதிப்பெண் ‘ஏ’. பாகிஸ்தான் தரப்பிலிருந்து அந்தக் கட்டுரையின் நகல் கேட்டுத் தொலைபேசி வந்ததும், விஷயம் அமெரிக்க செனட் வரை போனது. இதில் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: காகிதத்தில் வரைவது ஒரு வேலை, புளூட்டோனியம் கைக்கு வருவது வேறு வேலை. பத்திரிகைத் தலைப்புகள் இரண்டாவதை வசதியாக மறந்துவிட்டன.

● அமெரிக்க அரசுக்கு இது புதிதும் அல்ல. 1964இலேயே அதன் அணு ஆயுத ஆய்வகமான லிவர்மோர், அப்போதுதான் முனைவர் பட்டம் வாங்கிய இயற்பியல் இளைஞர்களை உட்காரவைத்து, பொதுவெளியில் கிடைப்பதை மட்டும் கொண்டு குண்டை வடிவமைக்கச் சொன்னது. அணு ஆயுதத்தில் அனுபவம் துளியும் இல்லாதவர்கள். 1967இல் சோதனை முடிந்தபோது, நம்பத்தக்க வடிவமைப்பு ஒன்று அவர்கள் கையில் இருந்தது.

● மாணவர் கணக்கு தப்பிய இடமும் உண்டு. சீனா ஏவுகணைகளை ஒளித்துவைக்கத் தோண்டிய சுரங்கங்களின் நீளம் சுமார் 5,000 கிலோமீட்டர் என்று 2009இல் செய்தி வந்தது. வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிலிப் கார்பர், மாணவர் படையை இறக்கிவிட்டார். சீன ராணுவ இதழ்கள், செயற்கைக்கோள் படங்கள், ஏன், பீரங்கிப் படைவீரர்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரைக்கூட அவர்கள் விடவில்லை. 2011இல் 363 பக்க அறிக்கை தயாரானது. சீனாவிடம் 3,000 அணுகுண்டுகள் வரை இருக்கலாம் என்ற ஊகம் கிளம்பியதும், வல்லுநர்கள் பாய்ந்தார்கள். பாய்ந்ததில் நியாயம் இருந்தது. சுரங்கம் நீளம் என்பதற்காக உள்ளே அத்தனை குண்டு இருக்கிறது என்று ஆகுமா? 2020இல்கூட அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீடு இருநூறைச் சற்றுத் தாண்டியதாகவே இருந்தது. ஆனால் மாணவர்கள் திரட்டிய மூலங்கள் வீண் என்று நான் சொல்லமாட்டேன். பிசகியது திரட்டியதில் அல்ல, அதிலிருந்து எண்ணிக்கைக்குத் தாவியதில்.

● அடுத்த பத்தாண்டில் அந்த வித்தை தேறியது. 2021 ஜூனில் சீனாவின் கான்சு மாகாணத்தில், யூமென் அருகே பாலைவனத்தில் ஏவுகணைக் குழிகளுக்கான 119 கட்டுமான இடங்களை, அணு ஆயுத ஆய்வாளர் ஜெஃப்ரி லூயிஸுடன் சேர்ந்து ஆராய்ந்த டெக்கர் எவெலத் என்ற இளைஞர் விலைக்குக் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களிலேயே கண்டுபிடித்தார். வரிசை தப்பாமல், ஒன்றுக்கொன்று சுமார் 3 கிலோமீட்டர் தள்ளித் தள்ளி. மறைக்கத்தான் மேலே கூடாரம் போட்டார்கள். காட்டிக்கொடுத்ததும் அதே கூடாரம்தான். அடுத்த மாதமே சீனாவின் ஹாமி நகருக்கு அருகே இன்னொரு குழிக்கூட்டமும் தெரியவந்தது.

● ரகசியங்களை விட்டு, போரையும் அமைதியையும் மாணவர்கள் படித்த, விவாதித்த கதைக்கு வருவோம். சர்வதேச அரசியலுக்கென்று உலகின் முதல் பல்கலைக்கழகத் துறை தொடங்கப்பட்டது 1919இல், வேல்ஸ் நாட்டுக் கடலோர ஊரான ஆபரிஸ்ட்வித்தில். முதல் உலகப் போரில் மாண்ட அந்த ஊர்ப் பல்கலைக்கழக மாணவர்களின் நினைவாக, செல்வந்தர் டேவிட் டேவிஸின் குடும்பம் பணம் கொடுத்தது.

● “எக்காரணம் கொண்டும் மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிடமாட்டோம்” என்ற தீர்மானத்தை 1933 பிப்ரவரி 9 அன்று ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் மன்றம் 275க்கு 153 என்று நிறைவேற்றியது. ஜெர்மனியில் ஹிட்லர் சான்சலராகி அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. இந்த வாக்கெடுப்புதான் ஹிட்லருக்குத் துணிச்சல் கொடுத்தது என்று பின்னாளில் சொன்னவர்கள் உண்டு. கல்லூரிப் பட்டிமன்றத்துக்கு இவ்வளவு சக்தி இருந்ததாக நம்ப எனக்கு மனம் வரவில்லை. 1939இல் போர் மூண்டபோது அதே தலைமுறைதான் வரிசையில் நின்று படையில் சேர்ந்தது.

● இந்தியாவிலும் இது ஒரு படிப்பு: கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வில் ‘டிஃபென்ஸ் அண்ட் ஸ்ட்ராடெஜிக் ஸ்டடீஸ்’ தனிப் பாடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது. கையில் காசில்லாத மாணவருக்கும் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஐந்து நாளுக்கொரு முறை புதுப் படம், ஒரு புள்ளிக்குப் பத்து மீட்டர். ஓடுபாதை நீள்வதும் துறைமுகத்தில் புதுத் தளம் முளைப்பதும் அதில் தெரியும். தளத்தில் நிற்கிற ஆள் தெரியமாட்டார்.