ஆடிக் காற்றும் ஆறு சதுர மீட்டர் பட்டமும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்ன பெரியவர்கள், ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒருமுறை கண்டுவிட்டுத்தான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். மேற்கு மலைத் தொடர் தன் தென்கோடியை நெருங்கும் இடத்தில் சற்றே தாழ்ந்து வழி விடுகிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்த இடுக்கில் புகுந்து, மடை திறந்த வெள்ளம்போல் கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் நூற்றுக்கணக்கில் நிற்கும் காற்றாலைகள் அந்தக் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. நாஞ்சில் நாட்டு ஜனங்கள் அந்த ஆலைகளையும் ‘காத்தாடி’ என்றே செல்லமாக அழைக்கிறார்கள். நாம் இங்கே எழுத வந்தது வேறொரு காற்றாடியைப் பற்றி; மனிதனை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு கடல்மேல் ஓடும் பட்டத்தைப் பற்றி.

கைட் ஸர்ஃபிங் என்று இதற்குப் பெயர். நாம் பட்டச் சவாரி என்று வைத்துக் கொள்வோம். பிறை வடிவமான ஒரு பெரிய பட்டம். அதன் முன் விளிம்பில் காற்றடைத்த குழாய். அதிலிருந்து இறங்கும் நாலைந்து கயிறுகள். கயிறுகளின் முனையில் கைக்கு ஒரு பிடிகோல். இடுப்பில் ஓர் இழுவைக் கச்சை. காலில் ஒரு பலகை. பிரான்ஸ் தேசத்துப் பிரெத்தான் கரையைச் சேர்ந்த புரூனோ, தொமினிக் லெகென்யூ என்ற சகோதரர்கள் 1984-ஆம் ஆண்டில் இந்தக் காற்றடைத்த பட்டத்துக்கு உரிமைப் பட்டயம் பெற்றார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காமல் மீண்டும் எழும்பும் பட்டம் அது. நாற்பது ஆண்டுக் காலத்தில் அந்த விளையாட்டு ஒலிம்பிக் பந்தயம் வரையில் வந்துவிட்டது. 2024-இல் மார்செய் துறைமுகத்தில் நடந்த போட்டியில் சிங்கப்பூரைச் சேர்ந்த மாக்ஸ் மேடர் என்னும் பதினேழு வயதுப் பையன் வெண்கலப் பதக்கம் வென்றான்.

நம் தமிழ்நாட்டிலும் தூத்துக்குடியிலும் இராமேசுவரத்திலும் இதைக் கற்பிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஆகவே நாகர்கோவிலிலோ தக்கலையிலோ உள்ள ஒரு வீட்டில், கல்லூரிக்குப் போகும் பெண், “அப்பா, நானும் கற்றுக்கொள்ளட்டுமா?” என்று கேட்டால் ஆச்சரியப்படுவதற்கில்லை. அந்தப் பெண்ணின் எடை நாற்பத்தைந்து கிலோ. வீட்டில் பாட்டி, “காற்றடித்தால் இவளே பறந்து போவாளே!” என்கிறாள். பாட்டி சொல்வதில் விஷயம் இருக்கிறது. அதை ஆராயாமல் ‘சரி’ என்பதும் தவறு. ‘கூடாது’ என்பதும் தவறு.

பட்டம் இழுக்கும் இழுப்பு இரண்டு காரியங்களைப் பொறுத்தது. ஒன்று பட்டத்தின் பரப்பு. மற்றொன்று காற்றின் வேகம். பரப்பு இரட்டித்தால் இழுப்பும் இரட்டிக்கும். ஆனால் காற்றின் வேகம் இரட்டித்தால் இழுப்பு நாலு மடங்காகும். கடலோடிகள் காற்றை ‘நாட்’ என்ற அளவால் கணக்கிடுவார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். பதினைந்து நாட்டாக இருந்த காற்று இருபதாக ஏறினால், பார்ப்பதற்கு அது சிறிய ஏற்றமே. ஆனால் பட்டத்தின் இழுப்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகி விடுகிறது. எழுபத்தைந்து கிலோ ஆசாமி பின்னுக்குச் சாய்ந்து பலகையை ஊன்றி அதைத் தாங்கிக் கொள்வார். நாற்பத்தைந்து கிலோ பெண்ணுக்கு ஊன்றுவதற்கு அவ்வளவு உடம்பு ஏது?

அனுபவஸ்தர்களிடையே ஒரு குத்துமதிப்பான கணக்கு வழங்குகிறது. சவாரி செய்பவரின் எடையை 2.175-ஆல் பெருக்கி, வருகிற தொகையைக் காற்றின் வேகத்தால் (நாட் அளவில்) வகுத்தால், பட்டத்தின் பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும். பதினெட்டு நாட் காற்றில் எழுபத்தைந்து கிலோ மனிதருக்கு ஒன்பது சதுர மீட்டர் வருகிறது. அதே காற்றில் நம் பெண்ணுக்கு ஐந்தரையைக்கூட எட்டவில்லை. இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. பலகை, அலை, பழக்கம் எல்லாம் கணக்கை மாற்றும். ஆனால் ஒன்பதுக்கும் ஐந்தரைக்கும் உள்ள தூரத்தை எந்தச் சாமர்த்தியத்தாலும் மூடிவிட முடியாது.

இங்கேதான் சங்கடம். கடைகளிலும் பழம்பொருள் விற்பவர்களிடமும் ஏராளமாகக் கிடைப்பவை ஒன்பதும் பன்னிரண்டும். அவை சராசரி ஐரோப்பிய ஆடவரின் உடம்புக்கு ஏற்றவை. சித்தப்பா துபாயிலிருந்து திரும்பும்போது கொண்டு வந்தது என்று ஒரு பன்னிரண்டு சதுர மீட்டர் பட்டம் பரணில் கிடக்கும். ‘அதையே வைத்துப் பழகட்டுமே, எதற்குப் புதிதாகச் செலவு?’ என்ற பேச்சும் எழும். அண்ணனுடைய சட்டையைத் தம்பிக்குப் போடலாம், கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், அவ்வளவுதான். அண்ணனுடைய பட்டத்தைத் தம்பிக்குக் கொடுப்பது அப்படியல்ல. கற்றுக்கொள்கிறவன் முதல் நாளில் தவறு செய்தே தீருவான். பெரிய பட்டத்தில் செய்த தவறு அவனைக் கரைமேல் தரதரவென்று இழுத்துச் செல்லும்.

நாற்பத்தைந்திலிருந்து ஐம்பது கிலோ வரை உள்ளவர் ஒரே ஒரு பட்டம் வாங்குவதானால், பதினைந்து முதல் பதினெட்டு நாட் காற்றுக்கு ஆறு அல்லது ஏழு சதுர மீட்டர் போதும். காற்று இருபதைத் தாண்டும் இடத்துக்குப் போவதானால் நாலரை அல்லது ஐந்தில் இன்னொன்று வேண்டும். ஒரே பட்டத்தை வைத்துக்கொண்டு எல்லாக் காற்றையும் சமாளித்து விடலாம் என்று யாராவது சொன்னால், அவர் பட்டம் விற்கிறவராக இருக்கக்கூடும்.

ஆனால் சிறிய பட்டத்துக்கென்று ஒரு சுபாவம் உண்டு. அதைக் கடைக்காரர்கள் எல்லாரும் சொல்வதில்லை. பெரிய பட்டம் மாட்டு வண்டிபோல் மெள்ளத் திரும்பும். சிறியது சிட்டுக்குருவிபோல் வெடுக்கென்று திரும்பும். பிடிகோலைச் சற்றே அழுத்தி இழுத்தால் பட்டம் ஆகாயத்தை ஒரு வீச்சில் கடந்து விடும். அப்படி வேகமாகக் கடக்கும்போது அதன் இழுப்பும் ஏறும். எனவே எடை குறைந்தவர்கள், தாவிக் குதிப்பதற்கென்று செய்த துடுக்கான வகையை விட்டு, சாதுவாகப் பறக்கும் வகையைத் தேட வேண்டும். பிடிகோலின் அகலமும் முக்கியம். ஐம்பது சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கோலைச் சிறு பட்டத்தில் மாட்டினால் அதன் துடுக்குத்தனம் இரட்டிக்கும். நாற்பது, நாற்பத்தைந்தே அதற்குப் பொருத்தம். கயிறும் இருபது மீட்டருக்குள் இருந்தால் நல்லது. கயிறு குறுகினால் பட்டம் ஓடுவதற்குள்ள மைதானமும் குறுகும்.

கையின் நீளத்தையும் மறந்துவிடக் கூடாது. காற்று மிஞ்சும்போது பிடிகோலை உடம்பை விட்டுத் தூரத் தள்ளினால் பட்டத்தின் இழுப்புத் தணியும். அதற்கும் அப்பால் இழுப்பை நிரந்தரமாகக் குறைக்கும் ஒரு வார் இருக்கிறது. உயரமானவருக்கு அமைந்த கருவியில் அந்த வார், குள்ளமான பெண்ணின் விரல் நுனிக்கு எட்டாத இடத்தில் நிற்கும். கடையிலேயே கச்சையைக் கட்டிக் கொண்டு, கோலை முழுதும் தள்ளி, வார் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். எட்டாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் அந்தக் கருவி வேண்டாம். கச்சையும் அப்படியே. மெல்லிய இடுப்பில் பெரிய கச்சை மேலே வழுக்கி விலா எலும்பை நெரிக்கும். தொடைவரை அணைத்து உட்காரும் வகை ஆரம்பத்துக்கு உத்தமம்.

பலகை பெரிதாயிருந்தால் ஆரம்பக்காரருக்குச் சுலபம் என்பது பொதுவான பேச்சு. அது பாதி உண்மை. அளவுக்கு மீறிய பலகையைச் சிறு உடம்பு சாய்த்து ஊன்ற முடியாது. 130 முதல் 136 சென்டிமீட்டருக்குள் ஒன்று பார்த்துக் கொள்ளலாம்.

பழம்பட்டம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இழுப்பை வேண்டும்போது தணிக்கக்கூடிய வில் வடிவப் பட்டங்கள் 2005-ஆம் ஆண்டளவில்தான் கடைக்கு வந்தன. அதற்கு முந்திய காலத்து வளைந்த பட்டங்கள் இன்னும் சில இடங்களில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். ஆரம்பக்காரர் அவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. துணியைக் கையில் கசக்கிப் பாருங்கள்: புது நோட்டுப்போல் மொடமொடவென்றிருந்தால் சரி; பழந்துணிபோல் துவண்டால் நம் ஊர் வெயில் அதைத் தின்றுவிட்டது என்று அறியலாம். முன் குழாயில் காற்றடைத்து ஒருமணி நேரம் நிழலில் வையுங்கள். கயிறுகளை ஒன்றாகக் கட்டி நீட்டி, நீளம் ஒத்திருக்கிறதா என்று அளவெடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டத்தை ஒரே தட்டில் செயலிழக்கச் செய்யும் விடுவிப்புப் பூட்டை நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். உப்பு ஏறி அது இறுகிக் கிடந்தால், மற்றது எல்லாம் புதிதாயிருந்தும் பிரயோஜனமில்லை.

சரி, நாஞ்சில் நாட்டில்தான் காற்றுக்குப் பஞ்சமில்லையே, இங்கேயே கற்றுக்கொள்ளலாமா? நம் பதில், ஆரம்பத்துக்கு வேண்டாம் என்பதே. ஆனியிலும் ஆடியிலும் கணவாய் வழியாக வரும் காற்று, மலையில் மோதித் திரும்பிய காற்று. ஒருசமயம் அடங்கும், மறுகணம் அறையும். கிழக்குக் கரையில் வட்டக்கோட்டைப் பக்கம் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. தண்ணீர் அமைதியாகத் தோன்றும். ஆனால் பட்டம் கைவிட்டால் ஆளைக் கரைக்குக் கொண்டு வராது, மன்னார் வளைகுடாவுக்குள் கொண்டு போகும். மேற்குக் கரையிலோ முட்டம், குளச்சல், சொத்தவிளை எங்கும் அதே பருவத்தில் அலை மலைபோல் எழுந்து கரையில் விழுகிறது.

அந்தக் கரையின் குணத்தை ஊரார் அறிவார்கள். 2004-இன் ஆழிப் பேரலையையும், 2017 நவம்பர் 30-இல் வந்த ஒக்கிப் புயலையும் கண்ட ஊர்கள் அவை. புயலும் மழையும் இல்லாமலே, எங்கோ தூரக் கடலில் பிறந்த அலை திடீரென்று கரையேறுவதைக் ‘கள்ளக் கடல்’ என்கிறார்கள். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தார்கள். அப்போது கள்ளக் கடல் பற்றிய எச்சரிக்கை அமலில் இருந்தது. ஆகையால் நம் தாய்மார்கள் கடல் என்றதும் தயங்குவதை நாம் பரிகாசம் செய்யத் துணிய மாட்டோம். கடல் நிலையைப் பற்றி ஹைதராபாத்தில் உள்ள தேசியக் கடல் தகவல் நிலையம் அறிவிக்கும் எச்சரிக்கையைப் பாராமல் எந்தக் கரையிலும் கால் வைக்கலாகாது.

இராமேசுவரத்தின் விஷயம் வேறு. தீவின் வடக்கும் தெற்கும் இரு கடல்கள்; ஒருபுறம் அலை எழுந்தால் மறுபுறம் அடங்கியிருக்கும். இடுப்பளவு தண்ணீரில் நெடுந்தூரம் நடக்கலாம். பட்டம் விழுந்தால் மாணவி எழுந்து நிற்க இடமிருக்கிறது. இதுவே பெரிய பாக்கியம். அக்கரையில் இலங்கையின் கற்பிட்டிக் காயலும் அப்படியே பேர் பெற்றது. ஆனாலும் அங்கே காற்று பலம். மே முதல் அக்டோபர் வரை இருபது நாட்டைத் தாண்டுவது சாதாரணம். எடை குறைந்தவர்கள் ஐந்து சதுர மீட்டர்ப் பட்டமில்லாமல் அங்கே போகவேண்டாம். பாம்பன் பாலத்தில் காற்று மிஞ்சினால் ரயிலையே நிறுத்திவைக்கும் ஏற்பாடு உண்டு. ரயில் நிற்கும் காற்றில் நாம் மட்டும் புறப்படுவானேன்?

எடை குறைந்தவர்களுக்கு லாபமும் இல்லாமலில்லை. பெரியவர்கள் பன்னிரண்டு சதுர மீட்டர்ப் பட்டத்தைச் சுமந்து திணறும் இளங்காற்றில், இவர்கள் ஏழை வைத்துக் கொண்டு சுகமாகப் போவார்கள். பட்டமும் இலேசு, காற்றடிக்கும் வேலையும் குறைவு. ஒலிம்பிக் பந்தயத்தில் கனத்த உடம்புக்கு மதிப்பு அதிகம் என்பது உண்மைதான். மிகப் பெரிய பட்டத்தை அடக்கி ஓட்டுவதற்காகவே பந்தயக்காரர்கள் எடை ஏற்றிக் கொள்கிறார்கள். அது பதக்கம் தேடுவோரின் கவலை.

பெரும் விபத்துக்கள் தண்ணீரில் நேர்வதைவிடக் கரையில் நேர்வதே அதிகம் என்பதை வீட்டார் மனத்தில் வைக்க வேண்டும். தென்னை மரம், மின்கம்பி, கரையேற்றிய வள்ளம், உலர்த்திய வலை ஆகிய இவற்றுக்கு அருகில் பட்டம் எழுப்பவே கூடாது. காற்றுப் போகும் திசையில் கயிற்று நீளத்தைப் போல் இரண்டு மூன்று பங்கு வெட்டவெளி வேண்டும். கயிற்றைக் கையால் பற்றக் கூடாது. மாஞ்சா தடவாமலே அது விரலை அறுக்கும்.

பட்டம் வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டியது பாடம். இரண்டு மூன்று சதுர மீட்டர் உள்ள ஒரு பயிற்சிப் பட்டத்தை, தண்ணீரில் இறங்காமல் மணலில் நின்று ஒரு வாரம் பறக்கவிட்டுக் கை பழகட்டும். பிறகு பள்ளியில் ஆசிரியரிடம், பெண்ணின் எடையைச் சொல்லிச் சிறு பட்டம் இருக்கிறதா என்று கடிதத்திலேயே கேட்டுக் கொள்ளுங்கள். ‘எல்லாருக்கும் ஒன்பதுதான்’ என்று பதில் வந்தால் வேறு பள்ளி தேடலாம். மே மாதத்தில் கல்லூரி விடுமுறையும் வருகிறது. தென்காற்றும் பாம்பனில் தொடங்கியிருக்கும்.