பிடரி மயிர் கொட்டுகிறதா? வேலியைப் பாருங்கள்!

குதிரைக்கு அழகு எது என்று கேட்டால், பிடரியும் வாலும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். அந்த மயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் வளர்ப்பவர் மனம் என்ன பாடுபடும்! உடனே கையில் கிடைத்த எண்ணெயைத் தடவத் தோன்றும். சற்றுப் பொறுங்கள், வாசகர்களே! முடி கொட்டுவதற்குக் காரணம் ஒன்றல்ல. காரணம் தெரியாமல் மருந்து தடவிப் பயனில்லை.

முதலில், குதிரை உடம்பைத் தேய்த்துக்கொள்கிறதா என்று கவனியுங்கள். கொசுவைவிடச் சிறிய கடிபூச்சி ஒன்று உண்டு. அதன் எச்சில் சில குதிரைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அரிப்புத் தாங்காமல் பிடரியையும் வாலின் அடியையும் கம்பத்தில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். இப்பூச்சி விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் அதிகம் கடிக்கும். காற்றை எதிர்த்துப் பறக்க அதற்குத் திராணியில்லை. ஆகவே, அந்நேரங்களில் குதிரையை லாயத்தில் கட்டி மின்விசிறியைப் போட்டுவிடுங்கள்.

வட்ட வட்டமாக முடி கொட்டிச் செதில் எழும்பியிருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது மற்றக் குதிரைகளுக்கும், ஏன், உங்களுக்குமே தொற்றும்! ஒன்றுக்குப் பயன்படுத்திய தூரிகையையும் சேணத்தையும் மற்றொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

அரிப்பும் இல்லை, புண்ணும் இல்லை. ஆனால் பிடரியிலும் வாலிலும் உள்ள நீண்ட மயிர் மட்டும் இழுத்தால் கையோடு வருகிறதா? அப்படியானால் தீவனத்தைப் பாருங்கள். வேலியோரமும் சாலையோரமும் தானாக முளைத்து நிற்கும் பெத்தாய் பெலாலாங்கை நீங்கள் அறிவீர்கள். தமிழ்நாட்டில் இதைச் சவுண்டல், சூபாபுல் என்பார்கள். வெள்ளைப் பந்து போன்ற பூவும் தட்டையான காயும் உடைய இம்மரம் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. தழையில் புரதச் சத்து நிறைய உண்டு. ஆனால் மிமோசின் என்னும் நச்சுப் பொருளும் சேர்ந்தே இருக்கிறது. முடியின் வேரில் புதிய அணுக்கள் உண்டாவதை அது தடுத்துவிடுகிறது.

அப்படியானால் மாடும் ஆடும் தின்கின்றனவே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! ஆஸ்திரேலியாவில் இத்தழையை அதிகம் தின்ற மாடுகள் நலிந்தன. ஹவாய்த் தீவு ஆடுகளோ நலமாக இருந்தன. அந்த ஆடுகளின் வயிற்றில் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் இருப்பதை 1980-களில் ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி எடுத்துக்காட்டினார். 1992-இல் அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அசைபோடும் பிராணிகளுக்குத் தீனி முதலில் போய்ச் சேருமிடமே நுண்ணுயிர்கள் வாழும் பெரிய இரைப்பை. குதிரைக்கோ அவை குடலின் பின்பகுதியில்தான் உள்ளன. தீனி அங்கே போய்ச் சேருமுன்பே நஞ்சு இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

நம்மில் குதிரை வளர்ப்பவர் சிலரே. ஆனால் முயல் வளர்க்கும் வீடுகள் பல. முயலுக்கும் பன்றிக்கும் இத்தழை ஆகாது. பிள்ளைகள் ஆசையாக ஒடித்துப் போடுவார்கள். அன்போடு சொல்லித் தடுங்கள். ஆடு மாடுகளுக்கும் புல்லோடு கலந்து கொஞ்சமாகக் கொடுப்பதே நல்லது.

தழையை நிறுத்தினால் கொட்டிய மயிர் மெல்ல மெல்ல மீண்டும் வளரும். வளராவிட்டாலும், குளம்பில் வெடிப்புக் கண்டாலும், தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வாயில்லாப் பிராணி தன் நோயைச் சொல்லாது. நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.