பந்தை எந்தப் பக்கம் எறிந்தார்கள்?

தில்லியில் முப்பது ஆண்டுகள் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியலும் கணிதமும் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மாணவர்கள் செய்த தவறுகளை எழுதப் புகுந்தால் ஏடு கொள்ளாது. இன்று நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு நான் தயாரித்த கேள்வி இது: "20 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறியப்படுகிறது. எத்தனை விநாடியில் தரையைத் தொடும்?" நேர் மேலே எறிவதாக என் மனத்தில் இருந்தது, தாளில் இல்லை. நம் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், பந்தை எந்தப் பக்கம் எறிஞ்சாங்க?" என்று கேட்டாள். "கேள்வியை ஒழுங்காகப் படிம்மா, எல்லாம் அதிலேயே இருக்கு" என்று உட்கார வைத்துவிட்டேன்.

விடைத்தாளைத் திருத்தும்போதுதான் உறைத்தது. அவள் மூன்று விதமாகவும் போட்டுப் பார்த்திருந்தாள். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், நேர் கீழே எறிந்தால் 1 விநாடி. கிடையாக எறிந்தால் 2. நேர் மேலே எறிந்தால் 4. மூன்றும் சரி! ஆனால் கடைசிக் கேள்விக்கு அவளுக்கு நேரமில்லாமல் போயிற்று. மறுநாள் வகுப்பில் தவறை ஒப்புக்கொண்டு, அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன். அவள் இழந்த நேரத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

இது பள்ளித் தேர்வோடு போகிற விஷயமல்ல. 2024-ஆம் ஆண்டு நீட் தேர்வில் அணுவைப் பற்றிய ஒரு கேள்விக்கு முதலில் இரண்டு விடைகள் ஏற்கப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தில்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் மூவர் ஆராய்ந்து ஒரு விடைதான் சரி என்றார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தலா 5 மதிப்பெண் குறைந்தது.

நான் தமிழ் வழியில் படித்தவன். 'திசைவேகம்' என்று படித்த எனக்கே திசையைச் சொல்ல மறந்துபோயிற்று, பாருங்கள்! அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கேள்வியை எழுதி ஒரு நாள் மூடி வைத்து, மறுநாள் நானே மாணவனாக அமர்ந்து விடை காண்பேன். திசை, அலகு, முடுக்கத்தின் மதிப்பு, காற்றின் தடை உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். பிறகு எங்கள் பள்ளி ஹிந்தி ஆசிரியையிடம் கொடுத்துப் படம் வரையச் சொல்வேன். அவர் வரைந்த படமும் என் மனத்திலுள்ள படமும் ஒன்றானால் கேள்வி தேறியது!

வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "ஓர் எண்ணின் வர்க்கம் 9, அந்த எண் என்ன?" என்று கேட்டுவிட்டு, மகன் "மைனஸ் 3" என்றால் கோபிக்காதீர்கள். 'மிகை எண்' என்று சொல்லாதது நீங்கள்தான். "கேள்வி புரியவில்லை" என்று பிள்ளை சொன்னால், குட்டுவதற்கு முன் கேள்வியை நீங்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள்.