கடலோர அணையும் நன்னீர்த் தேக்கமும்: ஒரு சமூகவியல் நோக்கு

கடலோரத்தில் அணை கட்டி, உவர்நீரைப் புறந்தள்ளி, அவ்விடத்தில் நன்னீரைத் தேக்கலாம் என்ற கருத்து கேட்ட மாத்திரத்தில் வியப்பளிப்பதாகும். ஆயினும் நமது நாட்டிலேயே அத்தகைய திட்டமொன்று எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே வகுக்கப்பட்டது. அதன் இயங்குமுறையையும், அதனோடு பிணைந்துள்ள சமூக உறவுகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணாம்புக்கற் படைகளினூடே சுவறும் மழைநீரே கிணறுகளின் ஆதாரம். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தை முன்வைத்தார். வன்னியிலிருந்து வரும் கனகராயன் ஆற்று நீர் ஆனையிறவுக் கடனீரேரியை அடைந்து கடலிற் கலக்கிறது. அக்கடனீரேரியின் கிழக்கு வாயைச் சுண்டிக்குளத்தில் அணையாலும், மேற்கு வாயை ஆனையிறவிலும் அடைத்து, சேரும் நன்னீரை ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளமான முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுசெல்வது அவரது எண்ணம். அங்கிருந்து அது உப்பாற்றுக் கடனீரேரியையும் சேரும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அமையும் தடுப்பணைகள் கடல்நீரைத் தடுக்கும்.

உவர்நீர் நன்னீராவது எவ்வாறு? மாரியில் வெள்ளம் வரும்போது, கடல்மட்டம் தாழ்ந்திருக்கும் வேளை பார்த்து வான்கதவுகளைத் திறந்தால் உப்புக் கலந்த நீர் வெளியேறும். பின்னர் கதவுகளை மூட, புதுநீர் தங்கும். ஆண்டுதோறும் இவ்வாறு செய்ய, அடிமண்ணின் உப்பும் படிப்படியாகக் கழுவப்படும். நன்னீர் உவர்நீரிலும் அடர்த்தி குறைந்ததாதலால், நிலத்தடியில் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர்ப் படை நிலைக்கும் என்பது நிலநீரியல் விதி. ஆகவே கடனீரேரியில் நீர்மட்டம் சிறிது உயர்வதும் அயற்கிணறுகளுக்குப் பெரும் பயன் தரும். ஆழம் குறைந்த பரந்த நீர்ப்பரப்பாதலால் கோடையில் ஆவியாதல் மிகுதி என்பது இதன் குறைபாடாகும்.

பிறநாட்டு அனுபவங்கள் இருவகைப்பட்டன. ஒல்லாந்தர் 1932இல் 32 கிலோமீற்றர் அணையால் தென்கடலை அடைத்தனர். ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் அது நன்னீர் ஏரியாயிற்று. வாழ்விழக்கவிருந்த மீனவருக்கு உதவும் சட்டம் அதற்கு முன்னரே, 1925இல், இயற்றப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. கேரளத்தில் 1976இல் இயங்கத் தொடங்கிய தண்ணீர்முக்கம் தடுப்பணை குட்டநாட்டு நெல்லை உவரிலிருந்து காத்தது. ஆனால் இறாலும் மீனும் இடம்பெயரும் பாதை அடைபட்டது. மீனவருக்கும் உழவருக்கும் இடையே முரண்பாடு தோன்றியது. தென்கொரியாவில் 1994இல் அடைக்கப்பட்ட சிஹ்வா ஏரியில் ஆலைக்கழிவு தேங்கியதால் நன்னீர்த் திட்டமே கைவிடப்பட்டது.

யாழ்ப்பாணத் திட்டம் முழுமையடையவில்லை. தொண்டைமானாறு, அரியாலை அணைகள் 1950களில் எழுந்தன. 1960களில் தொடங்கிய கிழக்குப்பகுதி வேலைகள் முற்றுப்பெறாது நின்றன. சுண்டிக்குள அணை வெள்ளத்தில் உடைந்தது. பின்னர் போர் வந்தது. போருக்குப் பின், இரணைமடு நீரைக் குடாநாட்டிற்கு வழங்க முற்பட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஆறுமுகத்தின் திட்டமோ வயலுக்குரிய நீரைப் பறிப்பதன்று. கடலுக்குச் செல்லும் எஞ்சிய நீரையே தேக்குவது. ஆயின் கடனீரேரியில் இறால் பிடித்து வாழ்வோரின் இழப்பை எவர் ஈடுசெய்வர் என்ற வினா அதிலும் எஞ்சியே நிற்கிறது.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று மக்களுக்கு இவ்வினா புதியதன்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்தது. மேல்மடையில் நீர் மிகுந்திருக்க, இடதுகரை வாய்க்காலின் கடைமடையில் நீர் தட்டுப்பட்டதை நாம் அறிவோம். போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் ஒரே வாய்க்காலின் நீர் ஒரே பயனைத் தந்ததுமில்லை. களப்பின் முகத்துவாரத்தை மணல் மூடும்போது, வயல் மூழ்காதிருக்க அதை வெட்ட விரும்புவோர் விவசாயிகள். மீன்வளத்தின் பொருட்டு அவசரப்பட்டு வெட்டலாகாது என்போர் மீனவர். 2004 ஆழிப்பேரலை நமது கிணறுகளை உவராக்கியபோது, நன்னீர் எத்துணை மெல்லிய படையாக மணலடியில் நிற்கிறது என்பதும் புலனாயிற்று.

புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார், பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குவோரே புகழை நிலைநிறுத்துவோர் எனப் பாண்டியனுக்கு அறிவுறுத்துகிறார். புகழ் அரசனுக்கு, மண் சுமந்தோரின் பெயர் அங்கில்லை. இங்கினியாகலை நீர்த்தேக்கமும் சேனநாயக்க சமுத்திரம் என்றே வழங்குகிறது. அணை தொழில்நுட்பத்தின் விளைவு மட்டுமன்று. உற்பத்தி உறவுகளின் விளைவுமாகும். எனவே கடலோர அணைபற்றிய எந்தத் திட்டத்தையும், நீர் எவ்வளவு தேங்கும் என்ற கணக்கோடு மட்டும் மதிப்பிடுதல் போதாது. வான்கதவைத் திறக்கும் நாளை யார் தீர்மானிப்பர் என்பதும், அத்தீர்மானத்தில் கடைமடை விவசாயிக்கும் களப்பு மீனவருக்கும் குரல் உண்டா என்பதும் கல் நாட்டுவதற்கு முன்னரே முடிவு செய்யப்படல் வேண்டும்.